பீச்சம் பேரில் காது கடித்தவன்

ஜூன் பிறந்துவிட்டால், பிட்ஸ்பர்க் பக்கத்து எஃகு ஊரான எங்கள் ஹாலிடனில் பந்தாட்டக்காரன் எவனும் முடி வெட்ட என் கடைப் படி ஏறமாட்டான். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆடுகிறவனைப் பொட்டை என்று கேலி செய்த காலம் அது. மண்டை உடையாமல் இருக்க முடியை வளர்ப்பதுதான் வழி. அக்டோபரில் எஃகு ஆலையில் பாதிப் பேர் சிங்கப் பிடரியோடு திரிவான்கள். நானோ கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு ஈ ஓட்டுவேன். நவம்பர் கடைசி வியாழனில் வரும் நன்றி நாள் ஆட்டம் முடிந்த மறுநாள்தான் மொத்த அணியும் வந்து உட்காரும். வெட்டினால் முடிக்குள்ளிருந்து சேறு விழும், காய்ந்த ரத்தம் விழும். ஒரு தரம் ஒரு பல் விழுந்தது. அதுவும் அடுத்தவன் பல்.

அந்தப் பிடரிகளிலேயே பெரியது யோஸ்கோ கோலேசாருடையது. ஸ்லோவாக்கியாக்காரன். பதினாலு வயதில் மாமன் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவன். மாமன் வந்த வருஷமே ஆலையில் செத்துப்போக, அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி அப்படியே உலைக்குக் கரி போட ஆரம்பித்தான். பத்து வருஷம் கரி போட்டதில் தொடை இரண்டும் பாலத்துத் தூண் மாதிரி ஆகிவிட்டன.

அவன் பந்தாட வந்ததே ஒரு பன்றித்தொடையால்தான். ஸ்லோவாக் சங்கத்து விருந்தில், வறுத்த தொடை ஒன்றை அவன் கையில் கொடுத்து, "இதைப் பிடுங்குறவனுக்கு ஒரு பீப்பாய் பீர்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆறு பேர் பாய்ந்தார்கள். யோஸ்கோ அந்த ஆறு பேரையும் இழுத்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றினான், நடந்தபடியே தின்றான், எலும்பைத் துப்பிவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தான். வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹார்லன் பீச்சம் அங்கேயே அவனைப் பிடித்துப்போட்டான்.

ஹார்லன், ஆலை மேலாளர் பீச்சத்தின் ஒரே பிள்ளை. இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போய் ஒரு கோடுபோட்ட சட்டையோடு திரும்பி வந்தவன். வேறு என்ன கொண்டுவந்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஊர் அணிக்கு அவன்தான் தலைவன், அவன்தான் நிர்வாகி. ஆட்டக்காரர்களுக்குக் கூலியும் அவன் கையால்தான். ஒரு ஆட்டத்துக்கு யோஸ்கோவுக்குக் கிடைத்தது உலையில் ஒரு வாரம் வேகிறதற்குச் சமம். வேறெந்த நாட்டில் மாட்டைப்போல முட்டினதற்குக் காசு கொடுப்பார்கள்?

பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோடு வரை முட்டிமோதி ஓடுகிற ஆட்டம் அது; அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பந்தோடு ஓடுகிறவன் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. பிடித்தவர்கள் மேலே ஏறிப் படுத்திருக்க, கீழே கிடக்கிறவன் தன் வாயால் "விழுந்தேன்!" என்று கத்தினால்தான் நடுவர் ஊதுவார். அதுவரை ஊர்ந்து போகலாம், உதைக்கலாம், கடிக்கலாம். மூன்று வருஷம் ஹாலிடனுக்கு ஆடிய யோஸ்கோ அந்த வார்த்தையைக் கத்தி ஊரில் யாரும் கேட்டதில்லை. ஸ்லோவாக்குகளுக்கு அதுதான் பெருமை. சங்கத்துக் கொடியைச் சுமக்கிறவரும், யோஸ்கோ தங்கியிருந்த விடுதியை நடத்துகிறவருமான பால்கோ, தன் மகள் சூசன்னாவை அவனுக்குத்தான் கட்டிக்கொடுப்பேன் என்று பீர்க்கடையில் மேஜைமேல் ஏறி நின்று சொன்னார். மறுநாள் காலையில் தெளிந்த பிறகும் அதையே சொன்னார். அதனால் நம்பலாம்.

இனி கெட்ட கதைக்கு வருகிறேன்.

ஆற்றுக்கு அக்கரையில் கோல்டர். கண்ணாடித் தொழிற்சாலை ஊர், எங்களுக்கு ஜென்மப் பகை. 1902-ஆம் வருஷம் இரண்டு ஊரும் ஒரு சத்தியம் செய்துகொண்டன. நன்றி நாள் ஆட்டத்தில் வெளியூர்க்காரன் எவனும் ஆடக்கூடாது, உள்ளூர் ஆளை வைத்தே முட்டிப் பார்த்துவிடலாம் என்று. ஏனென்றால் அப்போது எங்கே பார்த்தாலும் கல்லூரிப் பையன்கள் பொய்ப்பேரில் வந்து கூலிக்கு ஆடிவிட்டு ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். காசுக்கு ஆடினது தெரிந்தால் கல்லூரி துரத்திவிடும். அதனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாலு ஊரில் நாலு ஜான் ஸ்மித் ஆடுவான்.

சத்தியம் செய்த கையோடு ஹார்லன் ஒரு கல்லூரி சூரனைப் பேசி முடித்துவிட்டான். அவனை இறக்க வேண்டுமானால் ஒரு உள்ளூர்க்காரன் பேர் வேண்டும். உயரம், அகலம், கறுத்த பிடரி எல்லாம் ஒத்துவந்தது யோஸ்கோவுக்குத்தான். அப்போதெல்லாம் மூக்கு உடையாமல் இருக்க ரப்பரில் ஒரு மூடி கட்டுவார்கள், வாயும் மூக்கும் மறைந்துவிடும். அதோடு சேறும் பூசிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

ஆட்டத்தன்று காலை ஹார்லன் யோஸ்கோவைக் கூப்பிட்டான்.

"யோஸ்கோ, மழை கொட்டுதுடா. ஆட்டத்தை ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிட்டாங்க. நீ மேலாத்து பம்ப் வீட்டுக்குப் போய் இரு. தண்ணி ஏறுது, அப்பா ஆள் அனுப்பச் சொன்னாரு."

"ஞாயித்துக்கிழமை நம்ம ஊருல ஆட மாட்டாங்களே, சின்ன முதலாளி? உங்கப்பாரு சபை விடாதே?"

"அதெல்லாம் நான் பேசிக்கிறேன். நீ போ. உன் சட்டை எங்கிட்ட பத்திரமா இருக்கு."

அவன் போனான். பம்ப் வீட்டில் அவனும் ஒரு தவளையும்தான் காவல். இங்கே மூடி கட்டிய கல்லூரிக்காரன் கோலேசார் என்ற பேரில் களத்தில் இறங்கினான். நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் கடைசியில், கோல்டரின் எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போட்டமாதிரி பந்தை நழுவவிட்டான். கோல்டர்க்காரன் அதை வாரிக்கொண்டு மறுகோடி வரை ஓடினான். தோற்றோம். தோற்ற மறுநிமிஷம் 'கோலேசார்' யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு குதிரை வண்டியில் ஏறி ரயிலடிக்குப் பறந்தான்.

போதாதா? "காசு வாங்கிட்டான்டா!" என்று கூட்டம் கத்தியது. ஸ்லோவாக்குகள் தங்கள் கூலியை எல்லாம் அவன்மேல்தான் கட்டியிருந்தார்கள். பால்கோ தன் விடுதிக் கட்டில்களையே பந்தயம் வைத்திருந்தார்.

சாயங்காலம் பம்ப் வீட்டிலிருந்து யோஸ்கோ சீட்டியடித்துக்கொண்டு திரும்பிவந்தான். ஊர் முனையிலேயே அவன் முகத்தில் துப்பினார்கள். விடுதிக்குப் போனால் அவன் பெட்டி தெருவில் கிடந்தது. கதவுக்குப் பின்னால் சூசன்னா அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் ஆடவே இல்ல, மாமா! பம்ப் வீட்டுல இருந்தேன்!"

"அப்ப உன் சட்டையப் போட்டுக்கிட்டு உன் பேயாடா ஆடுச்சு?" என்றார் பால்கோ. "எங்க எல்லாரையும் வித்துட்டு, பொய்யாவது ஒழுங்கா சொல்லத் தெரியுதா உனக்கு?"

சட்டைகளை வைக்கிற பெட்டிக்கு ஒரே சாவி. அது இருந்தது ஹார்லனிடம். யோஸ்கோ நேரே ஆலை அலுவலகத்துக்குப் போனான். அங்கே நடந்ததை அவனே பிறகு என்னிடம் சொன்னான். ஹார்லன் மறைக்கக்கூட இல்லையாம்.

"ஆமாண்டா, நான்தான் எறக்கினேன். இப்ப வெளிய சொன்னா சத்தியத்த மீறினதா ஆயிடும், ஊர் மானம் போயிடும். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. மறந்துடுவாங்க."

"என் பேரு போச்சு, சின்ன முதலாளி."

"உன் பேரா?" ஹார்லன் சிரித்தானாம். "உன் பேர எழுத்துக்கூட்டி எழுத இந்த ஊருல நாலு பேருக்குத் தெரியுமாடா? போனா போவுது, வேற ஒண்ணு வெச்சுக்கோ."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மற்றது எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பான்.

குளிர்காலத்தில் பால்கோ மகளைப் பிட்ஸ்பர்க்கில் ஒரு ரொட்டிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். கல்யாணத்தன்று யோஸ்கோ படகேறி அக்கரைக்குப் போய்க் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். ஆடிமுடித்த பிடரியை அந்த வருஷம் அவன் வெட்டவே இல்லை.

கோல்டர் அணியை நடத்தியவர் பீர்க்கடை மெக்கார்வி. ஐரிஷ்காரர், வயிறு அவருக்கு முன்னால் கதவைத் திறக்கும். செப்டம்பரில் யோஸ்கோ அவர் எதிரே போய் நின்றான்.

"ஆடறியா? பேஷா ஆடு. என்ன பேர் போட்டுக்கட்டும்? உன் சொந்தப் பேரு வேணாம்பா, இந்தக் கரையிலயும் நாறிக் கெடக்கு."

"ஹார்லன் பீச்சம்னு போடுங்க."

மெக்கார்வி பீர்க்குவளையைக் கீழே வைத்தார்.  பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்து, அவர் கையாலேயே அவனுக்கு ஒரு குவளை நிரப்பிக் கொடுத்தார்.

கோல்டரில் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கரையிலோ ஞாயிறு பந்தைத் தொட்டவன் நரகத்துக்குப் போவான் என்று சபையில் பிரசங்கம். அந்தச் சபையின் முதல் மூப்பர், ஹார்லனின் அப்பா. அக்டோபர் முதல் திங்கட்கிழமை பத்திரிகை வந்தது. 'கோல்டர் அணியின் பீச்சம் நேற்று அபாரமாக ஆடினார். எதிராளியின் தாடையில் குத்தியதற்காக எச்சரிக்கப்பட்டார்.' அடுத்த வாரம், 'பீச்சம் நடுவரைத் தகாத வார்த்தை சொன்னார்.' அதற்கடுத்த வாரம், 'பீச்சம் காதைக் கடித்தார். கடித்த துண்டு கிடைக்கவில்லை.'

யோஸ்கோ அதுவரை யாரையும் கடித்தவனில்லை. சொந்தப் பேரில் ஆடியவரை விழுந்தவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடுவான். இப்போது பேரை மாட்டிக்கொண்டதும் வாயும் சேர்ந்து வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை ஹார்லன் என் கடையில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தான். அடுத்த நாற்காலியில் சபையின் இரண்டாவது மூப்பர், மருந்துக்கடை ஓக்டன். ஹார்லனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண்ணின் அப்பா அவர்.

"தம்பி, போன ஞாயித்துக்கிழமை சபைப் பாட்டுக்கு வரலியே? எங்க போயிருந்தீங்க?"

"தலவலிங்க, ஐயா."

"ஓ. பாவம், அந்தப் பையனுக்குக் காது வலியாம்."

நுரைக்கு மேலே ஹார்லனின் காது சிவந்தது. "ஐயா, அது நான் இல்ல! எவனோ என் பேர்ல ஆடறான்!"

"அது எப்படித் தம்பி? ஒருத்தன் பேர்ல இன்னொருத்தன் ஆட முடியுமா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மூலையில் காத்திருந்த உலைக்காரன் ஒருவன் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தான்.

"அதானே," என்றான் அவன். "முடியுமா, சின்ன முதலாளி? முடியும்னா சொல்லுங்க. போன வருஷத்து சமாச்சாரம் ஒண்ணு கேக்கணும்."

 ஹார்லன் வாயைத் திறந்ததும் நுரை உள்ளே போய், இருமினான். முடியும் என்று சொன்னால் போன வருஷம் மாட்டும், முடியாது என்று சொன்னால் கடித்த காது மாட்டும். நான் என் பாட்டுக்குக் கத்தியைத் தோலில் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் ஒரு சவரத்தை அவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை.

நவம்பரில் ஓக்டன் வீட்டுக்காரர்கள் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஹார்லனுக்கு இருந்தது ஒரே வழி. நன்றி நாளில் கோல்டர் மைதானத்தில் அவனும் ஆடுவான், அந்தப் 'பீச்சம்' எதிரே நிற்பான். ஊர் பார்க்க இரண்டு பீச்சமும் ஒரே களத்தில் நின்றால் கடித்தவன் வேறு என்று விளங்கிவிடும். அதற்காக ஹார்லனும் முடி வளர்த்திருந்தான். மஞ்சள் முடி, பட்டு மாதிரி. நான் சொல்லவில்லை, பெண்கள் சொன்னார்கள்.

அன்றும் மழை. ஓடத்தில் ஹாலிடன் மொத்தமும் அக்கரைக்கு வந்துவிட்டது. களத்தைச் சுற்றி ஒரு கயிறு மட்டும்தான். ஆள் விழுந்தால் பார்க்கிறவன் பூட்ஸில் சேறு தெறிக்கும். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் பால்கோ.

அதுவரை மூக்கு மூடிக்குள் ஆடிய யோஸ்கோ அன்று அது இல்லாமலே வந்தான். ஸ்லோவாக்குகள் அவனைப் பார்த்து "காசுக்காரா!" என்று கத்தினார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மெக்கார்வி தொண்டை கிழிய, "நம்ம பீச்சத்துக்கு ஒரு சத்தம் போடுங்கடா!" என்றார்.

பாதி ஆட்டம் சும்மா போயிற்று. அப்புறம் ஹார்லனே பந்தை வாங்கிக்கொண்டு, எங்கள் கயிற்றை ஒட்டி ஓடி வந்தான். யோஸ்கோ குறுக்கே வந்து அவனை அணைத்துச் சேற்றில் கிடத்தினான். மற்றவர்கள் மேலே வந்து விழுந்தார்கள். குவியலுக்கு அடியிலிருந்து அந்த இரண்டு தலையும் மட்டும் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

ஹார்லன் "விழு..." என்றான். யோஸ்கோ அந்த மஞ்சள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைச் சேற்றில் அழுத்தினான்.

நடுவர் காத்து நின்றார். கத்தவில்லையே, ஆட்டம் நடக்கிறது. ஹாலிடன் கூட்டத்துக்கோ ஒரே பரவசம். "விடாதீங்க, சின்ன முதலாளி! ஊருங்க! இன்னும் ஒரு அடி!" என்று கைதட்டினார்கள்.

யோஸ்கோ முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். மெதுவாகத்தான் பேசினான், எங்களுக்குக் கேட்டது.

"போன வருஷம் யாரு ஆடுனது?"

"விழு..."

மறுபடி சேறு. மறுபடி கைதட்டல். "என்னா நெஞ்சுரம்டா நம்ம ஆளுக்கு!" என்று பின்னால் ஒரு கிழவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுபடி தூக்கினான். ஹார்லனின் வாயிலிருந்து சேறு வழிந்தது.

"யாரு ஆடுனது? அவசரமில்ல. எனக்கு ஒரு வருஷம் பொறுக்கத் தெரிஞ்சுது."

"டேய்... மூச்சு... விழு..."

மூன்றாவது தடவை கொஞ்சம் நீளமாகவே அழுத்தினான். கை உதறியது, பூட்ஸ் உதறியது. பால்கோ கயிற்றுக்கு மேல் குனிந்துவிட்டார். தலை மேலே வந்தபோது ஹார்லன் பிறந்த குழந்தை மாதிரி வீறிட்டான்.

"கோலேசார் இல்ல! கோலேசார் இல்ல! காலேஜ் பையன்! நான்தான் கூட்டியாந்தேன்! நான்தான் அவன பம்ப் வீட்டுக்கு அனுப்பினேன்! விழுந்தேன்! விழுந்தேன்! விழுந்தேன்!"

நடுவர் ஊதினார்.

 அப்புறம் எங்கள் பக்கத்துக் கயிறு அறுந்தது. கட்டில்களைத் தோற்றவர்கள், கூலியைத் தோற்றவர்கள் எல்லாரும் ஒரேயடியாக உள்ளே போனார்கள். ஹார்லன் அந்த வருஷத்து நல்ல ஓட்டத்தை அப்போதுதான் ஓடினான். ஓடத்துறை வரை எவனாலும் பிடிக்க முடியவில்லை.

பால்கோ சேற்றில் மண்டியிட்டு யோஸ்கோவின் கையைப் பிடித்தார். "மாப்பிள..." என்று வாய் தவறி வந்துவிட்டது. அந்த வார்த்தை இனி யாருக்கும் உதவாது என்று அவருக்கே உறைத்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊருக்கு வந்துடுப்பா. உன் பேர்லயே ஆடு. உன் பேரு வந்துடுச்சு."

"என் பேரு வந்துடுச்சு, மாமா," என்றான் யோஸ்கோ. "அவன் பேர நான் இன்னும் குடுக்கல."

கொடுக்கவும் இல்லை. பதினோரு வருஷம் ஆடினான். ஒஹையோ, இந்தியானா, பென்சில்வேனியா, எந்த ஊர் எந்த அணி கூப்பிட்டாலும் போனான். போட்ட ஒரே நிபந்தனை, பேர் பீச்சம். அப்பாவும் சபையும் வெளியே தள்ளிய ஹார்லன் ஒரு ஊரில் ஆணிக்கடை வைத்தான். அடுத்த பருவத்தில் யோஸ்கோ அந்த ஊரைத் தேடிப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு வந்தான். ஹார்லன் கடையை மூடிவிட்டு இன்னொரு ஊரில் இன்சூரன்ஸ் விற்றான். அங்கேயும் ஒரு அணி இருந்தது. அணி இல்லாத ஊர் அந்தக் காலத்தில் ஏது? ஹார்லன் கதவைத் தட்டிப் பேரைச் சொன்னதும், வீட்டுக்காரி பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வாளாம்.

யோஸ்கோவின் மூக்கு மூன்று இடத்தில் வளைந்தது. வலது முட்டி மடங்காமல் போயிற்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பிட்ஸ்பர்க்கில் ஆடக் கூப்பிட்டபோது மட்டும் போகமாட்டேன் என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் எப்போதாவது வாயை மூடத் தெரியும்.

1914-இல் கிழவர் பீச்சம் செத்தார். அடக்கத்துக்கு வந்த ஹார்லன், முன்னிரவில் ரயிலேறுமுன் சவரத்துக்கு என் கடைக்கு வந்தான். முன்மண்டையில் முடி இல்லை. சுவரோரப் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு யோஸ்கோ உட்கார்ந்திருந்தான், தோள்வரை நரைத்த பிடரியோடு. ஹார்லன் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். நான் கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

சவரம் முடிந்ததும் அவன் எழுந்து பெஞ்சு எதிரே வந்து நின்றான்.

"யோஸ்கோ, போதும்பா. அப்பாவும் போயிட்டாரு. எனக்கு ஒரு பையன் இருக்கான், அவனும் பீச்சம்தான். பள்ளிக்கூடத்துல அவன் பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டேங்கிறான். குடுத்துடு."

"பையன் எழுத்துக்கூட்டித் தன் பேர எழுதுவானா?"

 யோஸ்கோ தன் முட்டியை இரண்டு கையாலும் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டான்.

"எடுத்துக்கோ. முட்டி போயிடுச்சு, இனிமே எனக்கு ஆகாது. ஆனா ஒண்ணு. காது, தாடை, நடுவரச் சொன்ன கெட்ட வார்த்தை, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. தனியா பிரிச்சுத் தர எனக்குத் தெரியாது."

ஹார்லன் தொப்பியை எடுத்துக்கொண்டான். வாசலுக்குப் போக அவன் யோஸ்கோவைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அவன் கை தானாக மேலே போய்க் காதைப் பொத்திக்கொண்டது.

கதவு சாத்திய பிறகு யோஸ்கோ நொண்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஹார்லன் உட்கார்ந்த சூடு இன்னும் ஆறியிருக்காது.

"எவ்வளவு எடுக்கட்டும்?" என்றேன்.

"ஒட்ட எடு," என்றான்.